இரண்டு மணிக்கு எழுப்பிவிட்ட தகப்பனார்



சென்ற மாதம் மஸ்ஜித் தானா வட்டாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெற்றோர் கூட்டம். நாமும் போயிருந்தோம். போட்டிருந்த நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. வந்தவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். ஆண்கள் நாலைந்து பேர் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

அதில் ஒருவர் நமக்குப் பழக்கமான தோழர். செம்பனைக் குலை வெட்டுகிறவர். உழைப்பாளி, நல்ல மனுஷன். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டோம். தாம் மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்றார். மகன் வைத்திருக்கும் புத்தகம் மலாயிலும் இங்கிலீசிலும் இருக்கிறது, அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் தமக்குத் தெரியாது என்றார். பிள்ளையை அனுப்புவது தம் வேலை, சொல்லிக் கொடுப்பது வாத்தியார் வேலை, அதற்கு மேல் அவன் தலையெழுத்து என்று முடித்துவிட்டார்.

அந்த இடத்தில் நாம் பதில் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் ஒரு மனுஷனுக்குப் புத்தி சொல்வது சரியாக இருக்காது. ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. ஆகவே இந்த வாரம் ஒரு தகப்பனாரைப் பற்றி எழுதுகிறோம். அவருடைய மகனின் படம் நம் லயத்து வீடுகளில் மாட்டியிருக்கிறது, மண்டபத்தில் மாட்டியிருக்கிறது. மகன் பெயரைக் கேட்டால் சின்னப் பிள்ளைகூட சொல்லும். தகப்பனார் பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது.

தகப்பனார் பெயர் ராம்ஜி சக்பால். மகன், டாக்டர் பீமராவ் அம்பேத்கர்.

ராம்ஜி இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். மராட்டிய நாட்டில் ரத்தினகிரி மாவட்டத்து அம்படவே என்ற கிராமம் அவர் பூர்வீகம். மகர் என்னும் சாதியில் பிறந்தவர். ஊருக்குள்ளே நுழைந்தால் தீட்டு, கிணற்றைத் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கி வைத்த மக்கள் அவர்கள். அந்த மக்களுக்கு அந்நாளில் திறந்திருந்த ஒரு கதவு வெள்ளைக்காரனின் பட்டாளம். பட்டாளத்தில் சிப்பாய்க்கும் அவன் பிள்ளைக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. ராம்ஜி அங்கேதான் படித்தார். படித்ததோடு நிற்காமல் ஆசிரியர் பயிற்சியும் பெற்று, பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தார்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்ற இராணுவ முகாமில் அவருக்குப் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தவர் பீமராவ். பதினான்கில் பிழைத்தவை ஐந்துதான். பலராம், ஆனந்தராவ், பீமராவ் என்று மூன்று ஆண்கள். மஞ்சுளா, துளசி என்று இரண்டு பெண்கள்.

பீமனுக்கு மூன்று வயது ஆகுமுன்னே தகப்பனார் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குடும்பம் முதலில் தபோலிக்கும் பிறகு சதாராவுக்கும் போனது. சதாராவில் தாயார் பீமாபாய் கண்ணை மூடினார். அப்போது பையனுக்கு ஐந்தாறு வயது இருக்கும். தகப்பனாரின் அக்கா மீராபாய், முதுகு கூன் விழுந்த அம்மாள், அவர்தான் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். வீட்டிலிருந்து ஒரு கோணிப்பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். வகுப்பில் ஒரு மூலையில் அதை விரித்து உட்கார வேண்டும். சாயங்காலம் திரும்பச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வரவில்லை என்றால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. நாவிதர் முடி வெட்ட மாட்டார். வீட்டில் அக்காதான் தம்பிகளுக்கு முடி வெட்டிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அந்த வீட்டுத் தகப்பன் என்ன நினைத்திருக்கலாம்? இவ்வளவு அவமானப்பட்டுப் படித்து என்ன ஆகப் போகிறது, பையன் வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். நினைத்தால் குற்றம் சொல்ல முடியுமா? ராம்ஜி அப்படி நினைக்கவில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் கோணிப்பையைக் கொடுத்து அனுப்பினார். 1900-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சதாரா அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் பீமனைச் சேர்த்தார். அந்தத் தேதியை இன்று மகாராஷ்டிர மாநிலத்தில் மாணவர் நாளாகவே கொண்டாடுகிறார்கள்.

அம்பேத்கர் என்ற பெயரும் அந்தக் காலத்தில் வந்ததுதான். ஊர்ப் பெயரை ஒட்டி அம்படவேகர் என்று இருந்தது. அம்பேத்கர் என்ற பெயருடைய ஆசிரியர் ஒருவர் பையன் மீது பிரியம் வைத்து, மத்தியானத்தில் தம் சாப்பாட்டில் பங்கு கொடுத்து, பள்ளிப் பதிவேட்டில் தம் பெயரையே போட்டுவிட்டார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எல்லா வாத்தியாரும் ஒரே மாதிரி இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ராம்ஜியை நாம் தெய்வமாக்கப் போவதில்லை. அவரிடமும் குறை இருந்தது. 1901-இல் அவர் வேறு ஊரில் காசாளராக வேலையில் இருந்தபோது பிள்ளைகளை வரச் சொன்னார். பிள்ளைகள் வரும் நாளைக் குறித்து எழுதிய கடிதத்தை வேலைக்காரன் அவரிடம் சேர்க்கவில்லை. மசூர் ஸ்டேஷனில் இறங்கிய பிள்ளைகளை அழைத்துப்போக ஆள் இல்லை. சாதி தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரன் ஏற்ற மறுத்தான். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் நடந்துவர, ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தை டாக்டர் அம்பேத்கர் கடைசிவரை மறக்கவில்லை. பிறகு ராம்ஜி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். அம்மாவின் நகையை இன்னொருவர் போட்டிருப்பதைப் பார்த்த பையனுக்கு அப்பா மீது கோபம் வந்தது. நம் லயங்களிலும் இதெல்லாம் நடக்காத கதையா?

அந்தக் கோபத்தில் பையன் ஒரு முடிவுக்கு வந்தான். பம்பாய்க்கு ஓடிப்போய் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவது என்று. வண்டிச் செலவுக்குப் பணம் வேண்டுமே! அத்தை இடுப்பில் முடிந்து வைத்திருந்த பணப்பையைத் திருடப் பார்த்தான். மூன்று இரவு முயன்றும் முடியவில்லை. நாலாவது இரவு பை கையில் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அரையணா. ஒரு வீட்டையே தாங்கிக்கொண்டிருந்த அம்மாளின் சேமிப்பு அரையணா! பையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆலைக்குப் போகும் எண்ணத்தை விட்டான். ஒழுங்காகப் படித்து, சீக்கிரம் தேர்வுகளில் தேறி, சொந்தக் காலில் நிற்பது என்று அந்த இரவில் தீர்மானித்தான். அத்தைக்கு இந்த விஷயம் தெரிந்ததோ என்னவோ.

பிறகுதான் குடும்பம் பம்பாய்க்குப் போனது. பரேல் என்ற ஆலைத் தொழிலாளர் பகுதி. அங்கே இருக்கும் குடியிருப்புக்குச் சால் என்று பெயர். நீளமான கட்டடம், வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. லயத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு அறையிலேயே சமையல், அதிலேயே படுக்கை, அதிலேயே விறகு, அம்மிக்கல், பாத்திரம் பண்டம், புகை. இரவு பத்து மணி வரைக்கும் சால் முழுவதும் ஒரே இரைச்சல்.

அந்த அறையில் எல்லாரும் படுத்தால் பையன் உட்கார்ந்து படிக்க இடம் இல்லை. ராம்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். பையனைச் சீக்கிரமே தூங்கச் சொன்னார். தாம் தூங்காமல் விழித்திருந்தார். ஊர் அடங்கி இரண்டு மணி ஆனதும் பையனைத் தட்டி எழுப்பினார். பையன் எழுந்து மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் புத்தகத்தோடு உட்கார, அதற்குப் பிறகு தகப்பனார் தலையைச் சாய்த்தார். ஒருநாள் கூத்து இல்லை இது. தேர்வு நெருங்கிய காலத்தில் இதுவே வழக்கம்.

நாம் குடியிருந்த லயத்தில் இரவு பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்திவிடுவார்கள். விளக்குப் போய்விடும். நம் தகப்பனார் பால் மரம் வெட்டுகிறவர். விடியுமுன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு நாம் படித்தபோது அவர் சிம்னி விளக்கைத் துடைத்து, திரி வெட்டி, பக்கத்திலே வைத்துவிட்டுத்தான் படுப்பார். அவருக்குத் தமது பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். பரேல் சங்கதியை முதன்முதலில் படித்தபோது நமக்கு அந்தச் சிம்னி விளக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. ராம்ஜி படித்தவர்தான், இங்கிலீஷ் தெரிந்தவர்தான். பாடங்களைச் சொல்லிக் கொடுத்தார், மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்து, சரியான சொல் கிடைக்கிறவரை விட மாட்டார். அதை எல்லாராலும் செய்ய முடியாது. ஆனால் இரண்டு மணிவரைக்கும் விழித்திருப்பதற்கு எந்தப் படிப்பு வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராம்ஜி கபீர்தாசர் வழியைப் பின்பற்றியவர். மாமிசம் கிடையாது, மது கிடையாது. மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பஜனை, பக்திக் கதை. அந்த வீட்டில் அந்தி நேரம் என்றால் தகப்பன் வீட்டில் இருப்பார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நம் பக்கத்தில் சம்சு எத்தனை பிள்ளைகளின் அந்தி நேரத்தைக் குடித்தது என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

புத்தகத்துக்கு வருவோம். பீமனுக்குப் பாடப்புத்தகத்தைத் தவிர மற்ற புத்தகங்கள் மேல்தான் ஆசை அதிகம். ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்பான். தகப்பனார் கையில் காசு இருக்காது. வந்த ஓய்வூதியம் சாப்பாட்டுக்கே சரி. ராம்ஜி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பம்பாயிலே கட்டிக்கொடுத்திருந்த சின்ன மகள் வீட்டுக்கு நடப்பார். அவளிடம் இருந்தால் வாங்கி வருவார். இல்லை என்றால் பெரிய மகள் வீட்டுக்கு நடப்பார். அவளிடமும் பணம் இருக்காது, தன் நகையைக் கழற்றிக் கொடுப்பாள். அது மார்வாடிக் கடைக்கு அடகு போகும். புத்தகம் வீட்டுக்கு வரும். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் கொடுப்பார். அடுத்த புத்தகத்துக்கு அதே நகை மறுபடியும் போகும்.

அடகுக்கடைப் படி ஏறாத தோட்டத்துத் தாயார் யார்? தீபாவளிக்கு வைத்தோம், கல்யாணத்துக்கு வைத்தோம், சாவுக்கு வைத்தோம். பிள்ளையின் பஸ் பாஸுக்கும் சட்டைக்கும் தோட்டைக் கழற்றி வைத்த தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் தாயாரும் அதில் ஒருவர். அந்தத் தோடு திரும்பி வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மகள்களுக்குக் கட்டிக் கொடுக்கும்போது போட்ட நகைதான் மகனுக்குப் புத்தகமாக வந்தது. அந்த அக்காமாருக்குக் கல்லூரி வாசல் கிடைக்கவில்லை. அடுத்து, நடு அண்ணன் ஆனந்தராவ். இரண்டு பையன்களையும் படிக்க வைக்க வீட்டில் வழி இல்லை. ஒருவன் படிக்கலாம், ஒருவன் வேலைக்குப் போக வேண்டும். ஆனந்தராவ் படிப்பை விட்டு, ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சம்பளம் வீட்டுக்கு வந்தது, தம்பி பள்ளிக்குப் போனான். டாக்டர் அம்பேத்கரைப் பற்றிப் பேசும் மேடைகளில் ஆனந்தராவ் பெயரை யாரும் எடுப்பதில்லை. எத்தனை தோட்டத்து அண்ணன்மார், படிவம் மூன்றோடு நின்று, தம்பி தங்கைக்காகக் குலை பொறுக்கப் போனார்கள்! அவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம். ஒருவர் படிக்க இன்னொருவர் படிப்பை விட வேண்டிய நிலைமை நல்ல நிலைமை அல்ல. அதைப் பெருமையாகப் பேசுவதில் நமக்கு உடன்பாடு இல்லை.

பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பம்பாயில் பேர்பெற்ற பள்ளி. அங்கேயும் அவமானம் விட்டபாடில்லை. ஒருநாள் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால்தான் மற்ற பிள்ளைகளின் சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருந்தன. தீட்டுப் பட்டுவிடும் என்று கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி, பாத்திரங்களை எடுத்த பிறகுதான் பையன் பலகையைத் தொட முடிந்தது. சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், கொடுக்கவில்லை. பாரசீக மொழி எடுத்துக்கொண்டார்.

1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மதிப்பெண் ஒன்றும் வாரிக் குவித்துவிடவில்லை. 750-க்கு 282. முப்பத்தெட்டு விழுக்காடு கூட முழுதாக இல்லை! நம் பிள்ளைகளின் மதிப்பெண் தாளைப் பார்த்தவுடன் கை ஓங்குகிற தகப்பன்மார் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும். அந்த மக்களுக்கு இது திருவிழா. எஸ்.கே. போலே தலைமையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அதே கேளுஸ்கர்தான் பின்னால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் சொல்லி, மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவிப் பணம் கிடைக்கச் செய்தார். ராம்ஜி கடன்பட்டு இழுத்த வண்டி கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டது. 1912-இல் பீமராவ் பொருளாதாரமும் அரசியலும் படித்து பி.ஏ. தேறினார்.

உதவி செய்த பரோடா அரசாங்கத்தில் வேலை பார்க்க 1913 ஜனவரியில் போனார். தகப்பனாருக்கு அதில் விருப்பம் இல்லை. அந்த ஊரில் சாதிக் கொடுமை மகனைப் படுத்தும் என்று பயந்தார். அப்படியே நடந்தது. போய்ப் பத்துப் பதினைந்து நாளுக்குள் தகப்பனாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. மகன் ரயில் ஏறினார். வழியில் சூரத் ஸ்டேஷனில் அப்பாவுக்கு மிட்டாய் வாங்க இறங்கினார். திரும்புவதற்குள் ரயில் போய்விட்டது. மறுநாள்தான் பம்பாய் வந்து சேர்ந்தார். தகப்பனார் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கண் மகனைத் தேடியது. நடுங்கும் கையால் மகன் முதுகைத் தடவினார். அத்தோடு உயிர் பிரிந்தது. 1913 பிப்ரவரி 2-ஆம் நாள்.

கடன்தான் மிச்சம். மகன் அமெரிக்காவுக்குப் போனதையோ, டாக்டர் ஆனதையோ, சட்டம் எழுதியதையோ அவர் பார்க்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் பரோடா மன்னரின் உதவியில் பீமராவ் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே, தகப்பனாரின் பழைய நண்பர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைக்குப் பெற்றோர் பிறப்பைத்தான் கொடுப்பார்கள், விதியைக் கொடுக்க மாட்டார்கள் என்று நம் ஆட்கள் சொல்லிக்கொண்டிருப்பதை விட்டுவிட வேண்டும் என்று அதில் எழுதினார். பிள்ளையின் விதியைப் பெற்றவர்களால் உருவாக்க முடியும் என்பது அவர் கருத்து. ஆண் பிள்ளையோடு பெண் பிள்ளையையும் படிக்க வைத்தால் முன்னேற்றம் வேகமாக வரும் என்றும், அதைத் தமக்கு வேண்டியவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கும்படியும் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. தகப்பனார் போய் ஆறு மாதம்.

தலையெழுத்து என்று நம்மிடம் சொன்ன தோழரே, இதற்காகத்தான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் 1915-இல் எம்.ஏ. வாங்கினார். 1916-இல் லண்டன் போனார். உதவிக் காலம் முடிந்து 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டி வந்தது. பம்பாய் சைடனம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, குறைக்குக் கடன் வாங்கி, 1920-இல் மறுபடி லண்டன் போனார். 1923-இல் அங்கே பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம். பாரிஸ்டர் தேர்வும் முடிந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் 1927-இல் முறையாகக் கைக்கு வந்தது.

இந்த வருஷங்களில் வீட்டைத் தாங்கியவர் ரமாபாய். சின்ன வயதிலேயே கல்யாணமாகி வந்தவர். புருஷன் கடலுக்கு அப்பால் புத்தகத்தோடு இருக்க, இங்கே அரை வயிறும் கால் வயிறுமாகக் குடும்பம் நடத்தினார். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நாலு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தார். யஷ்வந்த் ஒருவர்தான் தங்கினார். 1935 மே 27-ஆம் நாள் ரமாபாயும் இறந்துபோனார். முதலில் அப்பா, அக்காமார், அண்ணன், அத்தை. பிறகு மனைவி. டாக்டர் அம்பேத்கர் என்ற ஒரு மனிதரை இத்தனை பேர் சேர்ந்து படிக்க வைத்திருக்கிறார்கள்.

படித்து முடித்தவர் தம்மோடு நிறுத்தவில்லை. 1924-இல் ஒரு சபை தொடங்கி, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதி திறந்தார். 1927 டிசம்பரில் மகாட் என்ற ஊரில் பெண்களிடம் தனியாகப் பேசினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள், பெண்ணுக்கும் படிப்பு அவசியம் என்றார். புருஷனோ மகனோ குடித்துவிட்டு வந்தால் சோறு போடாதீர்கள் என்றும் சொன்னார். நம் மாதர் பிரிவு கூட்டத்தில் இதைச் சொன்னபோது பெண்கள் கைதட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆண்கள் பக்கத்தில்தான் சத்தம் குறைவு!

தொழிற்சங்கக்காரர் என்ற முறையில் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அவரைச் சாதித் தலைவர் என்று மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவர் அவர். தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைக் கட்டிப்போட வந்த மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7-ஆம் நாள் பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். 38 ஆண்டுக்கு முன் அதே தேதியில்தான் தகப்பனார் அவரைச் சதாரா பள்ளியில் சேர்த்தார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். 1946-இல் அவருடைய மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது. 1949 நவம்பர் 26-ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்ட இந்திய அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். ஒற்றை அறையில் விறகுக்கும் அம்மிக்கும் நடுவே படித்தவர், தாதரில் தாம் கட்டிய வீட்டில் புத்தகங்களுக்கு என்றே பெரிய இடம் ஒதுக்கினார். 1956 டிசம்பர் 6-ஆம் நாள் டில்லியில் காலமானார்.

நம் நாட்டுக்கு வருவோம். மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. மலாக்கா அப்போது நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. இருந்தாலும் இங்கேயும் தோட்டப் பள்ளிகள் எழும்பின. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அந்தக் கொட்டகைப் பள்ளிகளுக்குப் பிள்ளையை அனுப்பிய நம் பாட்டன் பாட்டிமாருக்கு, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது 2003 முதல் தொடக்கப் பள்ளி கட்டாயம். தோட்டம் போய் செம்பனை வந்தது, லயம் போய் தாமான் வந்தது, பிள்ளைகள் தங்கியிருந்த ஆயாக் கொட்டகை போய்க் கைப்பேசி வந்துவிட்டது. வீட்டில் மூன்று அறை இருக்கிறது. அந்தி ஏழு மணிக்கு மூன்றிலும் ஏதோ ஒரு திரை ஒளிவிடுகிறது. பிள்ளைக்குப் புத்தகம் விரிக்க இடம் கேட்டால், பரேலில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

செம்பனைத் தோழரை முந்தாநாள் மஸ்ஜித் தானா சந்தையில் பார்த்தோம். எழுதப் போகிறோம் என்று சொன்னோம். பெயரைப் போடாதீர்கள் என்றார், சிரித்தார். மகன் நாலாம் ஆண்டு. அவன் புத்தகத்தில் இருப்பது புரியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து என்னதான் செய்வது என்று மறுபடியும் கேட்டார். அவனைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள், புரியாத இடத்தில் அவனே நிற்பான், நின்ற இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு மறுநாள் வாத்தியாரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றோம். இதற்கு நீங்கள் மலாய் படிக்க வேண்டியதில்லை. கைப்பேசியைக் கீழே வைத்தால் போதும். யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மீன் கடைப் பக்கம் போனார்.

பள்ளியிலிருந்து வரும் கடிதங்களையும், உதவித்தொகைப் பாரங்களையும் படிக்கத் தெரியாமல் அலமாரி மேல் போட்டு வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம், நிரப்பியும் கொடுக்கிறோம். வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் பெற்றோர் இருவரின் அடையாளக் கார்டும் மறக்க வேண்டாம். போன முறை நாலு பேர் அது இல்லாமல் வந்து திரும்பிப் போனார்கள்.